ஊசி போட்டும் மாமனாருக்குக் காய்ச்சல் வந்ததே, டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். கும்பகோணத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மாமனார், மாமியார், என் கணவர், நான், எங்கள் இரண்டு பையன்கள் (9 வயது, 5 வயது), கொழுந்தன், ஓரகத்தி என்று மொத்தம் எட்டுப் பேர். மாமனாருக்கு 74 வயது. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சு அடைப்பு நோய்) இருக்கிறது, தினமும் இன்ஹேலர். மூன்று வருடத்துக்கு முன் ஃப்ளூ வந்து ஐ.சி.யு. வரை போய் மீண்டவர். அதனால் போன செப்டம்பரில் டாக்டர் சொல்லி அவருக்கு மட்டும் ஃப்ளூ ஊசி போட்டோம். நவம்பர் மழையில் சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்தான். ஒரு வாரத்துக்குள் என் கணவர், மாமியார், கடைசியில் மாமனார் என்று வரிசையாகப் படுத்துவிட்டார்கள். பரிசோதனையில் இன்ஃப்ளுயன்சா ஏ (ஃப்ளூவின் ஒரு வகை) என்று வந்தது. மாமனாருக்கு இந்தத் தடவை மூன்று நாள் காய்ச்சல், இருமல், அவ்வளவுதான், வீட்டிலேயே சரியாகிவிட்டது. ஆனால் கொழுந்தன் விடவில்லை. 'கொரோனா ஊசியும் இப்படித்தான். போட்டவனுக்கும் வந்தது, போட்டவனிடமிருந்தும் பரவியது. இதற்கு எதற்குக் காசு?' என்கிறார். இப்போது ஓரகத்திக்கு ஏழாவது மாதம். பச்சைக் குழந்தை வரப்போகும் வீடு. எல்லோரும் போட்டுக்கொண்டால் வீட்டுக்குள் பரவாமல் இருக்குமா? எட்டுப் பேருக்கும் போட வசதி இல்லை. யாருக்கு முதலில் போடுவது?

— ஒரு மருமகள்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கொழுந்தன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஃப்ளூ ஊசி போட்டவருக்கு ஃப்ளூ வரலாம். அவரிடமிருந்து பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் போகலாம். 'எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் பரவவே பரவாது' என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவர் மிகைப்படுத்துகிறார். ஆனால் போன நவம்பரில் உங்கள் வீட்டில் நடந்ததை வைத்து ஊசியின் மேல் பழி போட முடியாது. எட்டுப் பேரில் ஊசி போட்டவர் ஒரே ஒருவர். நோயைக் கொண்டுவந்த சின்னவன் போடவில்லை. அப்பாவும் பாட்டியும் போடவில்லை. பரவலைத் தடுக்க ஊசிக்கு அந்த வீட்டில் வாய்ப்பே கிடைக்கவில்லை.

அதோடு, ஒரு வீடு என்பது இதையெல்லாம் அளந்து பார்க்க மிகவும் சின்ன இடம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்றவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணும் வழக்கம் பழையது. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன் வட்டாரத்து வீடுகளில் இப்படி எண்ணி 1952இல் வெளியிட்டார். தட்டம்மை புகுந்த வீட்டில், அதுவரை தட்டம்மை வராதவர்களில் நூற்றுக்கு 76 பேருக்குத் தொற்றியது. சின்னம்மைக்கு அது 61, பொன்னுக்கு வீங்கிக்கு 31. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே காற்று என்றாலும் நோய்க்கு நோய் இவ்வளவு வித்தியாசம்.

ஃப்ளூ இந்த வரிசையில் கீழே இருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி, விஸ்கான்சின் மாநிலங்களில் 2017 முதல் 2020 வரை ஓர் ஆய்வு நடந்தது. வீட்டில் முதலில் ஃப்ளூ வந்த 699 பேர், அவர்களோடு வசித்த 1,581 பேர். வீட்டாருக்கு இருமல் வந்ததா என்று கேட்டதோடு விடாமல், காய்ச்சலே இல்லாதவர்களிடமும் நாள்தோறும் மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். கடைசியில் தொற்றியது நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு. அதாவது வீட்டில் ஒருவர் ஃப்ளூவில் படுத்தாலும் மற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் தப்பிவிடுகிறார்கள், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும்.

இதை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்னவனைத் தவிர ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் நூற்றில் 19 வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால் (எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது, கணக்குக்காகச் சொல்கிறேன்), உங்களைப் போன்ற 100 வீடுகளில் சுமார் 23 வீடுகளில் வேறு யாருக்கும் வராது. சுமார் 13 வீடுகளில் மூன்று பேருக்கோ அதற்கு மேலோ வரும். போன வருடம் உங்கள் வீடு அந்தப் பதின்மூன்றில் ஒன்றாக அமைந்துவிட்டது. அடுத்த வருடம் யாரும் ஊசியே போடாமல் அந்த 23இல் ஒன்றாகவும் அமையலாம். அப்போது கொழுந்தன், 'பார்த்தீர்களா, போடாமலே ஒன்றும் வரவில்லை' என்பார். அதுவும் ஆதாரம் ஆகாது. தெருவில் மூன்று வீடுகளைப் பார்த்து மருந்தை எடை போடும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. மருத்துவர்களிடமும்.

சரி, அதே ஆய்வில் ஊசி என்ன செய்தது? ஊசி போட்டிருந்த வீட்டாருக்குத் தொற்றும் வாய்ப்பு, போடாதவர்களைவிட ஏறத்தாழ 21 சதவீதம் குறைவாக இருந்தது. அதிலும் பி வகை வைரஸுக்கு எதிராக நன்றாகவும், ஏ வகைக்கு எதிராக மிகக் குறைவாகவும். நான் இந்த எண்ணைச் சொன்னதும் பல பேர் முகம் சுருங்கிவிடும். 'வெறும் 21தானா?' ஆனால் மேலே போட்ட கணக்கில் அதை வைத்துப் பாருங்கள். ஏழு பேரும் ஊசி போட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 19இலிருந்து 15 ஆகிறது. வேறு யாருக்கும் வராத வீடுகள் 23இலிருந்து 32 ஆகின்றன. மூன்று பேரோ அதற்கு மேலோ படுக்கும் வீடுகள் 13இலிருந்து 7 ஆகின்றன, கிட்டத்தட்ட பாதி. பெரிய வெற்றி என்று தம்பட்டம் அடிக்க முடியாது. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது.

இது நோய் வீட்டுக்குள் வந்த பிறகு நடக்கும் கதை. நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. ஃப்ளூ ஊசியை வாசல் கதவாக நினையுங்கள். அது வாசலில் செய்யும் வேலை பெரிது. உள்ளே கூடத்தில் செய்யும் வேலை சிறிது. சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்தில் தொற்றாமல் இருந்திருந்தால், அவனிடமிருந்து தாத்தாவுக்குப் பரவுமா என்ற கேள்விக்கே இடமில்லை. வைரஸ் ஏற்கெனவே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டால், ஒரே அறையில் மணிக்கணக்காக, ஒரே பாயில், முகத்துக்கு நேரே இருமும்போது, ஊசியின் பாதுகாப்பைத் தாண்டிப் போக அதற்கு நிறைய வாய்ப்புக் கிடைக்கிறது. ஆண்டின் வைரஸோடு ஊசி ஓரளவு பொருந்திப் போனால், காய்ச்சலோடு மருத்துவரிடம் போக வைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பொருந்தாத ஆண்டில் அதைவிடக் குறைவு. வீட்டுக்குள் நடந்த ஆய்வில் கிடைத்த 21ஐவிட இது நன்றாக இருப்பதற்கு வாசலும் ஒரு காரணம்.

வாசலை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு நல்ல சோதனை நடந்தது. ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மேற்குக் கனடாவில் சிறு சிறு பண்ணைக் குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். சொத்து பொது, சமையல் பொது, பொதுக் கூடத்தில் சாப்பாடு. நம்முடைய பெரிய கூட்டுக் குடும்பத்தையும் மிஞ்சிவிடும் வாழ்க்கை. அப்படிப்பட்ட பல குடியிருப்புகளில் 2008-09 குளிர்காலத்தில், பாதி குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு (3 முதல் 15 வயது) ஃப்ளூ ஊசி போட்டார்கள். மீதிப் பாதியில் பிள்ளைகளுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஃப்ளூவோடு சம்பந்தமில்லாத ஹெபடைடிஸ் ஏ ஊசி. பெரியவர்களை விட்டுவிட்டார்கள். பிறகு, ஊசி போடாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட இடங்களில் அவர்களில் 3.1 சதவீதம் பேருக்கு ஃப்ளூ வந்தது. மற்ற இடங்களில் 7.6 சதவீதம். தனக்கு ஊசியே போடாத ஒருவருக்கு, சுற்றியுள்ள பிள்ளைகளுக்குப் போட்டதால் மட்டுமே 61 சதவீதப் பாதுகாப்பு.

இதை அப்படியே ஒரு வீட்டுக்குப் பொருத்திவிடக் கூடாது. அங்கே குடியிருப்பில் ஐந்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் ஊசி போட்டார்கள், வெளியாட்களோடு பழக்கமும் குறைவு. உங்கள் பையன்கள் போகும் வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், ஃப்ளூ ஊசி போட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தாலே அதிகம். ஜப்பானில் 1962இல் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஃப்ளூ ஊசி போட்டு வந்து, 1994இல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். திட்டம் நடந்த காலத்தில், பெரும்பாலும் முதியவர்களிடையே, ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் வரை தடுக்கப்பட்டிருக்கலாம் என்று 2001இல் ஒரு மதிப்பீடு வந்தது. அந்தக் கணக்கோடு சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனாலும் திசை ஒன்றுதான்: பிள்ளைகளின் கையில் போட்ட ஊசி தாத்தா பாட்டிகளுக்கும் வேலை செய்கிறது.

ஏன் இந்த ஊசி கூடத்தில் தடுமாறுகிறது? 'தட்டம்மை ஊசி போட்டால் வருவதில்லையே, இது மட்டும் ஏன்?' என்ற கேள்வி நியாயமானது. தட்டம்மை வைரஸ் மூக்கு வழியாக நுழைந்து, உடல் முழுக்கச் சுற்றி, காய்ச்சலாக வெளிப்படப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள், ஊசி பயிற்றுவித்து வைத்த நினைவு செல்கள் விழித்து, பெருகி, ரத்தத்தில் வைத்தே வைரஸை ஒழித்துவிடுகின்றன. தட்டம்மை வந்தவரோடு பழகிவிட்ட பிள்ளைக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால்கூடப் பல நேரம் காப்பாற்றிவிடலாம், அவ்வளவு அவகாசம். ஃப்ளூவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நுழைந்து இரண்டு நாளில் காய்ச்சல். அதற்கு முந்தின நாளே தொற்ற ஆரம்பித்துவிடும். மூக்கிலும் தொண்டையிலும் பெருகி அங்கிருந்தே அடுத்தவருக்குத் தாவிவிடுகிறது. கையில் போடும் ஊசியோ ரத்தத்தில் நல்ல எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது, அது நுரையீரலை நன்றாகக் காக்கிறது. மூக்கின் ஈரப் படலத்துக்கு அதில் கொஞ்சம்தான் போய்ச் சேர்கிறது. அதனால்தான் 'வந்தது, ஆனால் லேசாகப் போனது' என்ற அனுபவம் ஃப்ளூவிலும் கொரோனாவிலும் இத்தனை பேருக்கு. இன்னொன்று: வீட்டில் முதல் ஆள் படுத்த பிறகு ஓடிப்போய் மற்றவர்களுக்கு ஊசி போடுவதால் அந்தச் சுற்றில் பயனில்லை. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஃப்ளூ ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக இரண்டு மூன்று நாள் போதும்.

கொழுந்தன் கொரோனாவை இழுத்திருக்கிறார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அவர் நினைவு தப்பவில்லை. 2021 தொடக்கத்தில் இங்கிலாந்தில் லட்சக்கணக்கான வீடுகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். நாம் கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டுக்கொண்ட அதே ஊசியையோ ஃபைசர் ஊசியையோ ஒரே ஒரு டோஸ் போட்டு மூன்று வாரம் ஆனவருக்குக் கொரோனா வந்தால், அவரிடமிருந்து வீட்டாருக்குப் போகும் வாய்ப்பு 40 முதல் 50 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்புறம் டெல்டா என்ற உருமாறிய கொரோனா வந்தது. அதே நாட்டில் அதே ஆண்டு நடந்த இன்னொரு வீட்டு ஆய்வில், இரண்டு டோஸ் போட்ட வீட்டாரில் நூற்றுக்கு 25 பேருக்கும், போடாதவர்களில் 38 பேருக்கும் தொற்றியது. தொற்றை வாங்கும் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு மிச்சம் இருந்தது. ஆனால் முதல் நோயாளி ஊசி போட்டிருந்தாரா இல்லையா என்பது அந்த ஆய்வில் பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஊசி போட்டவரின் மூக்கில் வைரஸ் உச்சத்தில் இருந்த அளவு ஏறத்தாழ ஒன்றுதான்; அது வேகமாக வடிந்தது, அவ்வளவே. மாதங்கள் போகப் போகப் பரவலைக் குறைக்கும் சக்தி கரைந்தது, அதிலும் கோவிஷீல்டில் சீக்கிரமாக. அடுத்த உருமாற்றமான ஓமிக்ரான் வந்தபோது டென்மார்க் வீடுகளில் அது டெல்டாவைவிட அதிகம் பரவியது. ஆக, கொழுந்தன் கண்ணால் பார்த்தது சரி. 'அதனால் ஊசி வீண்' என்று அதிலிருந்து அவர் தாவியதுதான் தப்பு. பரவலைத் தடுப்பது ஒரு வேலை, ஆளைக் காப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் மங்கிய ஊசி இரண்டாவதில் நெடுநாள் நின்றது.

இனி உங்கள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக.

மாமனாருக்குத்தான் முதல் ஊசி. இந்த வருடமும், ஒவ்வொரு வருடமும். போன முறை அவர் ஐ.சி.யு. போகாமல் தப்பியது ஊசியால்தான் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒருவரை வைத்து அதைச் சொல்ல முடியாது, கொழுந்தனுக்குச் சொன்ன விதி எனக்கும் பொருந்தும். ஆனால் பாங்காக்கில் சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் முறையாக நடத்திய சோதனையில், ஃப்ளூவால் திடீரென வரும் மூச்சு உபாதைகளை ஊசி 76 சதவீதம் குறைத்தது. நம்மைப் போன்ற வெயில் ஊரில் நடந்த சோதனை என்பதால் எனக்கு அதன் மேல் கூடுதல் மதிப்பு. அவரிடம் நுரையீரல் மருத்துவர் நிமோகாக்கல் ஊசி பற்றியும் பேசியிருப்பார். பேசவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். அது வைரஸுக்கானது இல்லை. ஃப்ளூ வந்து போன பின்னால் வரும் பாக்டீரியா நிமோனியாவுக்கானது.

இரண்டாவது, உங்கள் ஓரகத்தி. இதில் தயங்க வேண்டாம். ஃப்ளூ ஊசியைக் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகும் வரை குழந்தைக்குப் போட முடியாது. அந்த ஆறு மாதத்துக்குக் குழந்தைக்கு இருக்கும் ஒரே சொந்தப் பாதுகாப்பு, தாயின் ரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாக வரும் எதிர்ப்பொருள்தான். டாக்காவில் 340 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2008இல் வந்தது. கடைசி மூன்று மாதங்களில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. ஒரே ஊசியில் தாயும் பிள்ளையும். கர்ப்பிணிகளை ஃப்ளூ ஊசிக்கு முன்னுரிமை தர வேண்டியவர்களாக உலக சுகாதார நிறுவனம் 2012இலேயே சொல்லிவிட்டது. கையில் போடும் ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள். அது யாருக்கும் ஃப்ளூவை உண்டாக்காது. மூக்கில் விடும் வகையில் உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் இருப்பதால் கர்ப்பிணிகளுக்கு அது மட்டும் வேண்டாம். ஏழாம் மாதம் என்றால் நேரமும் சரியாக அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில் ஏறும். அப்போது குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்.

மூன்றாவது யார் என்பது மாமியாரின் வயதைப் பொறுத்தது, அதை நீங்கள் எழுதவில்லை. 65 தாண்டியிருந்தாலோ, சர்க்கரை, இதய நோய் இருந்தாலோ அவருக்கு. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி, மடியில் போட்டு வளர்க்கப் போவதும் அவர்தானே. அதற்குப் பிறகு பையன்கள் இரண்டு பேரும். மேலே சொன்ன வாசல் உங்கள் வீட்டில் இவர்கள்தான். சின்னவனுக்கு ஒன்பது வயது ஆகவில்லை, இதற்கு முன் போட்டதும் இல்லை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும்; பெரியவனுக்கு ஒன்று போதும். செலவுக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு அதோடு முடிந்துவிட்டால் முடியட்டும். நீங்களும் கணவரும் கொழுந்தனும் ஆரோக்கியமான பெரியவர்கள். வசதி இருந்தால் நல்லது, இல்லையென்றால் இந்த வருடம் விட்டுவிடலாம். வாதம் செய்து கொழுந்தனைத் திருத்தும் வேலையை நான் உங்களுக்கு வைக்கவில்லை. அவருக்குப் போடும் ஊசியைவிட அவர் மனைவிக்குப் போடும் ஊசிக்குத்தான் அவருடைய சம்மதம் அவசரம். டாக்கா விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள். அப்பாவாகப் போகிறவர் கேட்பார்.

ஃப்ளூ ஊசி ஃப்ளூவுக்கு மட்டும்தான் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். மழைக்காலச் சளி இருமலில் பெரும்பகுதி வேறு வைரஸ்கள். கைக்குழந்தைகளுக்கு ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் ஃப்ளூவைவிடத் தொல்லை. கென்யாவின் கிலிஃபி பகுதியில் வீடு வீடாகத் தொடர்ந்து பார்த்ததில், கைக்குழந்தைகளுக்கு அது வந்த வழி பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளிருந்துதான். அதிலும் பெரும்பாலும் அண்ணன் அக்காக்களிடமிருந்து. அதற்குக் கர்ப்பிணிகளுக்கான ஊசி 2023 முதல் சில நாடுகளில் வந்திருக்கிறது. இங்கே கிடைக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எப்படியானாலும் மூக்கு ஒழுகும் பெரியப்பா பிள்ளைகள் குழந்தையின் முகத்தில் முத்தம் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் சொந்தக்காரர்களின் மனவருத்தத்தைப் பொருட்படுத்தாதீர்கள்.

ஊசியையும் மீறி வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்கினால், முதல் ஒன்றரை நாளில் நீங்கள் செய்வதுதான் கணக்கு. ஹாங்காங்கில் வீடுகளுக்கு முகக்கவசமும் கைகழுவும் பொருள்களும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் ஆளுக்கு அறிகுறி தோன்றி 36 மணி நேரத்துக்குள் ஆரம்பித்த வீடுகளில் பரவல் குறைந்தது. தாமதித்த வீடுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. நாம் வழக்கமாக மூன்றாம் நாள், டாக்டர் 'ஃப்ளூ' என்று சொன்ன பிறகுதான் விழிக்கிறோம். அதற்குள் தாத்தா பேரனோடு ஒரே கட்டிலில் இரண்டு ராத்திரி தூங்கியிருப்பார். மழைக்காலத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அன்று இரவே மாமனாரின் படுக்கையும், குழந்தை பிறந்த பின் தாய் சேயின் படுக்கையும் வேறு அறைக்கு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், மழைச் சாரலுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். இருமும் பெரியவர் முகக்கவசம் போடட்டும். ஐந்து வயதுப் பையனிடம் அதை எதிர்பார்க்காதீர்கள், அவனைப் பார்த்துக்கொள்பவர் போடட்டும். ஐந்திலிருந்து ஏழு நாள் இந்த ஏற்பாடு. பிள்ளைகள் இன்னும் சில நாள் கூடப் பரப்பலாம். ஓரகத்திக்கே காய்ச்சல் வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். முகக்கவசம் போட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுக்கட்டும். கஷாயம் குடிப்பதில் தப்பில்லை, அது பரவலைத் தடுக்காது. பிள்ளைகளுக்குக் கொதிநீரில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். வெந்நீர் கொட்டி வெந்துபோன கால்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம்.

மாமனாருக்கு மட்டும் இன்னொரு கதவு இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ உறுதியானால், அவருக்கு அறிகுறி வரும் வரை காத்திராமல், 48 மணி நேரத்துக்குள் அவருடைய மருத்துவரை அழையுங்கள். ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரையைத் தடுப்பாகச் சில நாள் கொடுக்கலாமா என்று அவர் முடிவு செய்வார். வீடுகளில் நடந்த ஒரு சோதனையில், ஃப்ளூ உறுதியானவரோடு இருந்தவர்களுக்கு அது 89 சதவீதம் வரை காய்ச்சலைத் தடுத்தது. சிறுநீரகத்தைப் பார்த்து அளவு சொல்ல வேண்டிய மருந்து. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். போன முறை ஐ.சி.யு.வில் தந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், அந்த அழைப்பில் கேட்பார்கள்.

ஊசி போட்ட இடத்தில் ஒன்றிரண்டு நாள் வலி இருக்கும், சிலருக்கு உடம்பு லேசாகச் சூடாகும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஓரகத்திக்கு அடுத்த செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள், பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்; அரசு மருத்துவமனையில் பார்க்கிறீர்கள் என்றால் அங்கே இருப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். சின்னவனுக்கு முதல் டோஸ் ஆகஸ்டில் போட்டால்தான் இரண்டாவது செப்டம்பரில் முடிந்து, மழைக்கு முன் இரண்டு வாரம் கையில் இருக்கும். மாமனார், மாமியார், பெரியவன் மூன்று பேருக்கும் செப்டம்பர் போதும்.